எந்த சிஸ்டத்திலும் பிசகாமல் யூனிக்ஸ் நேரம்: ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தரவுத்தளத்தைத் தினமும் இரவு பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு புது ஃபோல்டர். அதன் பெயரின் கடைசியில் அந்த நொடியின் டைம்ஸ்டாம்ப், அதாவது நேரத்தைச் சொல்லும் எண். என் லினக்ஸ் மடிக்கணினியில் நன்றாக ஓடியது. அப்புறம் அதை, சோலாரிஸ் 10 என்ற யூனிக்ஸ் ஓடும் ஒரு பழைய சர்வரில் ஏற்றினோம். இரண்டு வாரம் கழித்து, ஐந்து நாளுக்கு முந்தைய பேக்கப் வேண்டும் என்று கேட்டார்கள். போய்ப் பார்த்தால் ஒரே ஒரு ஃபோல்டர்தான் இருக்கிறது. அதன் பெயரில் எண்ணே இல்லை. ஒரு சதவீதக் குறியும் அதன் பின்னால் ஓர் எஸ்ஸும் அப்படியே நிற்கின்றன. பதினான்கு இரவும் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு, முந்தைய இரவின் பேக்கப் மட்டும் மிஞ்சியிருந்தது.

என்னை அதிகம் உறுத்தியது தகவல் போனது மட்டுமல்ல. அந்த இரண்டு வாரத்தில் எந்தக் கட்டளையும் ஒரு பிழைகூடச் சொல்லவில்லை. நேரம் கேட்டேன், புரியாத எழுத்தை அப்படியே திருப்பித் தந்துவிட்டு, வெற்றி என்று சொல்லி முடித்துக்கொண்டது. யூனிக்ஸ் நேரத்தை எடுப்பது ஒரே வரி வேலைதான். ஆனால் வந்தது நேரம்தானா என்று பார்க்காமல் அந்த வரியை நம்பக் கூடாது. இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றியதுதான்.

படிக்கும் முன் ஒன்று. கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன். குறிகளும் எண்களும் உள்ளபடியே இருக்கின்றன.

முதலில், அந்த எண் எதைச் சொல்கிறது

1970 ஜனவரி 1, உலகப் பொது நேரமான யுடிசி-யின்படி நள்ளிரவு 12 மணி. அந்தக் கணத்திலிருந்து இன்றுவரை எத்தனை நொடிகள் என்பதே யூனிக்ஸ் நேரம். அந்தத் தொடக்கப் புள்ளியை எபோக் என்கிறோம். இந்தியக் கடிகாரத்தில் எபோக் நள்ளிரவில் வராது, அதிகாலை 5:30-க்கு வரும்.

இது தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததல்ல. 1971-இல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டில் நேரம் நொடியின் அறுபதில் ஒரு பங்காக எண்ணப்பட்டது, தொடக்கமும் 1971 ஜனவரி 1. 32 பிட்டுக்குள் அப்படி எண்ணினால் இரண்டேகால் ஆண்டு சொச்சத்தில் இடம் தீர்ந்துவிடும். பிறகுதான் முழு நொடிக்கு மாறினார்கள்.

இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இந்தக் கணக்கில் ஒரு நாளுக்குச் சரியாக 86400 நொடிகள். 1972 முதல், பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யுடிசி-யில் 27 லீப் நொடிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன, கடைசியாக 2016 டிசம்பர் 31 அன்று. அவை எதுவும் இந்த எண்ணில் இல்லை. அதனால்தான் தேதியை நொடியாக மாற்றும் கணக்கு இவ்வளவு எளிது. கீழே அதைக் கையாலேயே போடப் போகிறோம்.

இரண்டாவது, இந்த எண்ணுக்கு ஊர் கிடையாது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் இந்தக் கணத்தில் எண் ஒன்றுதான். நம் ஊர் ஸ்கிரிப்ட்களில் அடிக்கடி பார்க்கும் தவறு இங்கேதான் தொடங்குகிறது. சர்வர் யுடிசி-யில் ஓடுகிறது, நமக்கு இந்திய நேரம் வேண்டும் என்று எண்ணி, டைம்ஸ்டாம்ப்போடு 19800-ஐக் கூட்டிவிடுகிறார்கள், அதாவது ஐந்தரை மணி நேரத்தை. அந்த எண் இனி இந்திய நேரம் அல்ல, எதிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும் வேறொரு கணம். எண்ணைத் தொடவே தொடாதீர்கள். மனிதர் படிக்கும் தேதியாகக் காட்டும்போது மட்டும் நேர மண்டலத்தைச் சேருங்கள்.

படி 1: வழக்கமான கட்டளை

டேட் +%எஸ்

அவ்வளவுதான். எஸ் சிறிய எழுத்து என்பதில் கவனம் வேண்டும். பெரிய எஸ் போட்டால் இப்போதைய நிமிடத்தின் நொடி மட்டும் வரும், 00 முதல் 60-க்குள் ஒரு எண். அதுவும் எண்தான் என்பதால் ஸ்கிரிப்ட் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ்களில் குனூ டேட் இருக்கிறது, அங்கே இது வேலை செய்யும். ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, மேக் எல்லாவற்றிலும் வேலை செய்யும். அல்பைன் லினக்ஸிலும் வீட்டு ரவுட்டர்களிலும் இருக்கும் பிஸிபாக்ஸ், ஆண்ட்ராய்டில் இருக்கும் டாய்பாக்ஸ், விண்டோஸில் டபிள்யூஎஸ்எல், கிட் பாஷ், சிக்வின் இவற்றிலும் அப்படியே. இன்று நீங்கள் தொடும் பத்து கணினிகளில் பத்திலும் ஓடினால்கூட வியப்பில்லை.

அப்படியானால் பிரச்சினை எங்கே? யூனிக்ஸ் வகைச் சிஸ்டங்களுக்கான பொதுத் தரநிலையான போசிக்ஸின் 2017 பதிப்புவரை டேட் கட்டளைக்கான குறிகளின் பட்டியலில் இந்தச் சிறிய எஸ் இல்லை. எல்லோரும் தாமாகச் சேர்த்துக்கொண்ட வசதி அது. சேர்க்காதவர்கள் தவறு செய்ததாகச் சொல்ல முடியாது. வங்கி, தொலைத்தொடர்பு, ஆலை என்று பழைய யூனிக்ஸ் சர்வர்கள் இன்னும் ஓடும் இடங்களில்தான் இந்த இடைவெளி கடிக்கும்.

விண்டோஸ் பவர்ஷெல் 5.1-ஐப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே கெட்-டேட் கட்டளைக்கு யூஃபார்மட் வழியாக இதே குறியைக் கொடுத்தால், உள்ளூர் நேரத்தை யுடிசி என்று எடுத்துக்கொண்டு எண்ணுகிறது. இந்தியாவில் அது சரியாக 19800 நொடி கூடுதலாக வரும், கூடவே புள்ளிக்குப் பின் தசமமும். பவர்ஷெல் 7-இல் இதைச் சரிசெய்துவிட்டார்கள்.

படி 2: ஷெல்லுக்குள்ளேயே கேட்பது

ஒரு லூப்பில் ஆயிரம் முறை நேரம் கேட்க வேண்டியிருந்தால், ஒவ்வொரு முறையும் டேட் என்ற தனி நிரலைக் கிளப்புவது வீண். புதிய ஷெல்கள் தாமாகவே நேரம் சொல்லும்.

பாஷ் 5.0, 2019 ஜனவரியில் வந்தது. அதில் எபோக்செகண்ட்ஸ் என்றொரு மாறி இருக்கிறது, முழுவதும் பெரிய எழுத்து, இடையில் இடைவெளியோ அடிக்கோடோ இல்லை. முன்னால் டாலர் குறி போட்டு அச்சிட்டால் யூனிக்ஸ் நேரம் வந்துவிடும். அதன் தம்பி எபோக்ரியல்டைம், மைக்ரோநொடிவரை ஆறு தசம இடங்களோடு தரும்.

பாஷ் 4.2 முதல் இன்னொரு வழியும் உண்டு:

பிரிண்ட்எஃப் '%(%எஸ்)டி\என்' -1

அடைப்புக்குப் பின் வரும் டி, டைம் என்ற சொல்லின் முதல் எழுத்து, பெரிய எழுத்தில். கடைசியில் இருக்கும் -1 என்பது ‘இப்போது’ என்று பொருள். 4.3-க்குப் பிறகு அதை விட்டுவிடலாம், ஆனால் விடாதீர்கள். போட்டால் எல்லாப் பதிப்பிலும் ஒன்றுபோல ஓடும்.

இசட்ஷெல்லில் முதலில் இசட்மாட்லோட் கட்டளையால் ‘இசட்எஸ்ஹெச்/டேட்டைம்’ என்ற தொகுதியை ஏற்ற வேண்டும். பிறகு அதே எபோக்செகண்ட்ஸ் கிடைக்கும். கார்ன்ஷெல் 93-இல் மேலே சொன்ன பிரிண்ட்எஃப்தான், -1 இருக்கும் இடத்தில் ‘நவ்’ என்று எழுத வேண்டும்.

மேக் வைத்திருப்பவர்கள் இங்கே கால் தடுக்கி விழுவார்கள். மேக்கோடு வரும் பாஷ் இன்னும் 3.2 வரிசைதான். உரிமக் காரணங்களால் ஆப்பிள் அதற்கு மேல் போகவில்லை, 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து இயல்பு ஷெல்லையே இசட்ஷெல்லுக்கு மாற்றிவிட்டது. பாஷ் 3.2-இல் எபோக்செகண்ட்ஸ் என்று கேட்டால் அது வெறுமனே இல்லாத மாறி, வெற்று விடை வரும். அந்த வெற்றை ஒரு கழித்தல் கணக்கில் போட்டால் ஷெல் அதைச் சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். மறுபடியும் பிழைச் செய்தி இல்லாத தவறு. டெபியன், உபுண்டுவில் எஸ்ஹெச் என்று கூப்பிட்டால் வரும் டாஷ் ஷெல்லிலும் இதே கதைதான்.

என் வழக்கம்: ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் பாஷ் என்று எழுதி, அது பாஷ் 5 இருக்கும் சர்வரில் மட்டுமே ஓடும் என்று உறுதியாகத் தெரிந்தால் எபோக்செகண்ட்ஸ். வேறு எல்லா இடத்திலும் டேட்.

படி 3: டேட் கைவிட்டால்

பெர்ல் இருந்தால் கவலை இல்லை. பழைய சர்வர்களில் பெரும்பாலும் இருக்கும்:

பெர்ல் -இ 'பிரிண்ட் டைம்'

பைத்தான் இருந்தால் டைம் தொகுதியின் டைம் ஃபங்ஷனைக் கூப்பிட்டு இன்ட்டால் முழு எண்ணாக்குங்கள். இன்ட் போட மறந்தால் தசமத்தோடு வந்து, ஷெல்லின் கூட்டல் கழித்தலை உடைக்கும்.

அடுத்து ஆக் தந்திரம். ஆக் என்பது வரிகளைப் பிரித்துக் கையாளும் ஒரு சிறு நிரல்மொழி. தற்போக்கு எண்களுக்குத் தொடக்க விதை போடும் எஸ்ராண்ட் என்ற ஃபங்ஷனை எதுவும் தராமல் கூப்பிட்டால், அது நேரத்தை விதையாக எடுத்துக்கொள்கிறது. மறுமுறை கூப்பிட்டால் முந்தைய விதையைத் திருப்பித் தருகிறது. ஆகவே இரண்டு முறை கூப்பிட்டு இரண்டாவது விடையை அச்சிட்டால் யூனிக்ஸ் நேரம். கேட்கவே அழகாக இருக்கும், பல இடங்களில் ஓடவும் செய்யும். ஆனாலும் இதை நான் சிபாரிசு செய்வதில்லை. தரநிலை சொல்வது ‘நேரத்தை விதையாக்கு’ என்று மட்டும்தான், எபோக்கிலிருந்து நொடிகள் என்று அது எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. டெபியன் வகையில் இயல்பாக இருக்கும் மாக் என்ற ஆக், தன் விருப்பப்படி விதை எடுக்கும். சோலாரிஸின் பழைய ஆக்கில் எஸ்ராண்டே இல்லை, நாக் என்ற புதியதைக் கூப்பிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது அடுத்த வழி. டேட்டுக்குச் சிறிய எஸ் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஆண்டு, ஆண்டின் எத்தனையாவது நாள், மணி, நிமிடம், நொடி இவை ஐந்தும் எல்லா டேட்டுக்கும் தெரியும், தரநிலையிலேயே இருக்கின்றன. ஒரு நாளுக்கு 86400 என்று விதி இருப்பதால் மீதியை நாமே போட்டுக்கொள்ளலாம்.

டேட் -யூ '+%ஒய் %ஜே %ஹெச் %எம் %எஸ்'

இதில் ஜே மட்டும் சிறிய எழுத்து. சதவீதக் குறிக்குப் பின் வரும் மற்ற நான்கும் பெரியவை. முன்னால் இருக்கும் -யூ சிறியது, யுடிசி-யில் தா என்று கேட்கிறது. அதை விட்டால் கணக்கு ஐந்தரை மணி நேரம் பிசகும். ஐந்தையும் ஒரே அழைப்பில் வாங்குவதும் முக்கியம். தனித்தனியாகக் கேட்டால், நிமிடம் மாறும் தறுவாயில் பழைய நிமிடமும் புது நொடியும் கலந்து வரும். இந்த விடையை ஆக்குக்குக் குழாய்வழி அனுப்புங்கள். ஆக்கின் உள்ளே இரண்டே வரி:

நாள் = 365*($1-1970) + இன்ட்(($1-1969)/4) - இன்ட்(($1-1901)/100) + இன்ட்(($1-1601)/400) + $2 - 1

பிரிண்ட்எஃப் "%.0எஃப்\என்", நாள்*86400 + $3*3600 + $4*60 + $5

ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள், நம்பிக்கை வரும். 2023 நவம்பர் 14, யுடிசி 22:13:20 என்று எடுத்துக்கொள்வோம். அது ஆண்டின் 318-ஆவது நாள். 1970 முதல் 53 ஆண்டுகள், ஆண்டுக்கு 365 வைத்தால் 19345. நான்கால் வகுத்த லீப் ஆண்டுகள் 13, நூற்றாண்டுக்காக ஒன்றைக் கழித்து, நானூறுக்காக ஒன்றைக் கூட்டினால் அதே 13. அதோடு 317 நாள். மொத்தம் 19675 நாள்கள். 86400-ஆல் பெருக்கினால் 1699920000. அன்றைய மணி, நிமிடம், நொடி சேர்ந்து 80000. விடை 1700000000, சுழியங்கள் வரிசையாக நிற்கும் எண். இந்தியாவில் அப்போது நவம்பர் 15 அதிகாலை 3:43:20.

இந்தக் கணக்கை ஷெல்லிலேயே போடாமல் ஆக்குக்கு ஏன் அனுப்புகிறேன் என்றால், காலை எட்டு மணிக்கு டேட் 08 என்று தரும். ஷெல் கணக்கில் சுழியத்தில் தொடங்கும் எண் 0 முதல் 7 வரை மட்டுமே இலக்கங்கள் உள்ள எட்டடிமான எண்ணாகப் படிக்கப்படும், 08 அங்கே செல்லாத எண். ஏழு மணிவரை ஓடிய ஸ்கிரிப்ட் எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் மட்டும் உடைந்து, பத்து மணிக்குத் தானாகச் சரியாகும். ஆக்குக்கு அந்தக் குழப்பம் இல்லை. அச்சிடும் குறியில் டி (டெசிமல் என்பதன் முதல் எழுத்து) போடாமல் எஃப் போட்டிருப்பதற்கும் காரணம் உண்டு, சில பழைய ஆக்குகள் டி-க்கு 2147483647-ஐத் தாண்டி அச்சிடாது.

படி 4: எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனில் அடக்குவது

இப்போது இவற்றைக் கோர்ப்போம். பெயர் உங்கள் விருப்பம், நான் ‘நேரம்’ என்று வைத்துக்கொள்கிறேன்.

நேரம்() {
  வி=$(டேட் +%எஸ் 2>/டெவ்/நல்)
  கேஸ் "$வி" இன்
    ''|*[!0-9]*) வி=$(பெர்ல் -இ 'பிரிண்ட் டைம்' 2>/டெவ்/நல்) ;;
  எஸாக்
  கேஸ் "$வி" இன்
    ''|*[!0-9]*) வி=$(கணக்கு_வழி) ;;
  எஸாக்
  கேஸ் "$வி" இன்
    ''|*[!0-9]*) ரிட்டர்ன் 1 ;;
  எஸாக்
  எக்கோ "$வி"
}

கணக்கு_வழி என்பது முந்தைய படியின் டேட், ஆக் குழாயை வைத்த தனி ஃபங்ஷன். கேஸ் வரிகள்தான் இதன் உயிர். விடை வெறுமையாக இருந்தாலோ, இலக்கம் அல்லாத ஒரே ஓர் எழுத்து இருந்தாலோ அந்த வழியைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறோம். கட்டளை ‘வெற்றி’ என்று சொன்னதா என்று பார்க்கவே இல்லை, கவனித்தீர்களா? சோலாரிஸில் என்னை ஏமாற்றியது அந்த வெற்றிதான்.

இன்னும் கடுமையாக வேண்டுமானால் நீளத்தையும் பாருங்கள். 2001 செப்டம்பர் 9 அன்று இந்த எண் 1000000000-ஐத் தொட்டுப் பத்து இலக்கம் ஆனது, 2286 நவம்பர்வரை பத்தாகவே இருக்கும். பதின்மூன்று இலக்கம் வந்தால் யாரோ மில்லிநொடியைக் கலந்திருக்கிறார்கள். இரண்டே இலக்கம் வந்தால் மேலே சொன்ன பெரிய எஸ்.

கூப்பிடும் இடத்தில் இப்படி எழுதுங்கள்:

இப்போ=$(நேரம்) || எக்ஸிட் 1

ஃபங்ஷனுக்குள் ரிட்டர்ன் போடாமல் எக்ஸிட் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. டாலர் அடைப்புக்குள் ஓடுவது ஒரு துணை ஷெல், அங்கே எக்ஸிட் போட்டால் அது மட்டும் முடியும், உங்கள் ஸ்கிரிப்ட் வெற்று மாறியோடு தொடர்ந்து ஓடும். இதே காரணத்தால், வேறொரு ஃபங்ஷனுக்குள் ‘லோக்கல்’ என்ற சொல்லையும் இந்த ஒதுக்கீட்டையும் ஒரே வரியில் எழுதாதீர்கள். லோக்கல் தன் வெற்றியைச் சொல்லி நம் தோல்வியை மறைத்துவிடும். முதல் வரியில் அறிவித்து, அடுத்த வரியில் ஒதுக்குங்கள்.

சோலாரிஸ் 10-இன் சாதாரண எஸ்ஹெச்சுக்கு டாலர் அடைப்பே தெரியாது. அங்கே ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் எக்ஸ்பிஜி4 அடைவில் இருக்கும் எஸ்ஹெச்சைக் காட்டுங்கள், அல்லது பழைய பாணியில் பின்சாய்ந்த ஒற்றை மேற்கோளுக்குள் கட்டளையை எழுதுங்கள்.

படி 5: நொடிக்குக் கீழே

குனூ டேட்டில் சதவீதம், பெரிய என் சேர்த்தால் நானோநொடி கிடைக்கும். நடுவில் 3 போட்டு டேட் +%எஸ்%3என் என்றால் மில்லிநொடி. இதை மற்ற சிஸ்டங்களில் நம்பாதீர்கள். பழைய மேக்குகளில் எண்ணின் வாலில் என் என்ற எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். பிஸிபாக்ஸில் அதைத் தொகுத்தவர் அந்த வசதியைத் திறந்திருந்தால்தான் கிடைக்கும். பாஷ் 5 இருந்தால் எபோக்ரியல்டைம் நல்லது, ஆனால் சில ஐரோப்பிய மொழி அமைப்புகளில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும். ஆகவே புள்ளியை நீக்கு என்று எழுதாமல், இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் நீக்கு என்று எழுதுங்கள்.

ஆண்ட்ராய்டின் ஷெல் எம்கேஎஸ்ஹெச். அதன் கணக்கு எப்போதும் 32 பிட்தான். நொடியை 1000-ஆல் பெருக்கி மில்லிநொடி ஆக்கினால் இன்றே வழிந்துவிடும்.

படி 6: எண்ணிலிருந்து தேதிக்கு

குனூவிலும் பிஸிபாக்ஸிலும்: டேட் -டி @1700000000 (டி என்பது டேட்டின் முதல் எழுத்து). மேக்கிலும் பிஎஸ்டி-களிலும்: டேட் -ஆர் 1700000000. இரண்டையும் மாற்றிப் போட்டால் ஓடாது. குனூவில் -ஆர் என்றால் ‘இந்தக் கோப்பு கடைசியாக மாறிய நேரம்’ என்று பொருள், 1700000000 என்ற பெயரில் கோப்பு இல்லை என்று புகார் சொல்லும். நல்லவேளை, இங்காவது சத்தமாகச் சொல்கிறது. இந்திய நேரத்தில் பார்க்க, கட்டளைக்கு முன்னால் டிஇசட்=ஏசியா/கொல்கத்தா என்று அதே வரியில் சேருங்கள். டிஇசட் என்பது டைம் ஜோன் என்பதன் சுருக்கம், அதன் இரண்டு எழுத்தும் பெரிய எழுத்து, ஏசியாவும் கொல்கத்தாவும் பெரிய எழுத்தில் தொடங்கும்.

தேதியிலிருந்து எண்ணுக்குப் போகும்போது மேக்கில் ஒரு பொறி. -ஜே -எஃப் கொடுத்து ஆண்டு, மாதம், நாள் மட்டும் சொன்னால், மணியும் நிமிடமும் நள்ளிரவாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அது இப்போதைய மணி, நிமிடத்தை நிரப்பிவிடும். மணி, நிமிடம், நொடியை வெளிப்படையாகச் சுழியமாகக் கொடுத்துவிடுங்கள்.

கிரானில் ஏற்றும்போது

டெர்மினலில் ஓடிய வரி, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஓடவில்லை என்றால் முதலில் சதவீதக் குறியைப் பாருங்கள். கிரான்டேப் வரியில் சதவீதக் குறி என்றால் புது வரி என்று பொருள். டேட் +%எஸ் என்று நேரடியாக எழுதினால், கட்டளை கூட்டல் குறியோடு அறுந்துவிடும். முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போட்டு \% என்று எழுத வேண்டும். அதைவிட, நேரம் கேட்கும் வேலையை ஸ்கிரிப்ட் கோப்புக்குள் வைத்து, கிரானில் அந்தக் கோப்பின் பெயரை மட்டும் எழுதுவது நிம்மதி.

ஒரு வேலை எவ்வளவு நேரம் ஓடியது என்று அளக்க இரண்டு டைம்ஸ்டாம்ப்களைக் கழிப்பது பொதுவாகப் போதும். ஆனால் நடுவில், நேரத்தை வலைவழி சரிசெய்யும் என்டிபி கடிகாரத்தைத் திருத்தினால் விடை எதிர்மறையாகவும் வரலாம். லினக்ஸில் ப்ராக் அடைவில் உள்ள அப்டைம் கோப்பின் முதல் எண் கடிகாரத் திருத்தத்தால் குதிக்காது, அளவைக்கு அதுவே சரி.

கடைசிப் படி: வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பது

உங்களிடம் சோலாரிஸ் இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை, அதைப் போலவே நடிக்கும் ஒரு டேட்டை நாமே செய்துகொள்ளலாம். ஒரு தனி அடைவில் டேட் என்ற பெயரில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அதற்கு வரும் முதல் வாதம் +%எஸ் என்றால் %எஸ் என்றே எக்கோ செய்துவிட்டு வெற்றியோடு முடியட்டும். வேறு எது வந்தாலும் உண்மையான டேட்டை அதன் முழுப் பாதையோடு கூப்பிடட்டும். அதற்கு இயக்க அனுமதி கொடுத்து, அந்த அடைவை, கட்டளைகளை எங்கே தேடுவது என்று ஷெல்லுக்குச் சொல்லும் பாத் மாறியின் தொடக்கத்தில் வைத்து உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். அடுத்து அதே அடைவில், எதுவும் அச்சிடாத ஒரு போலி பெர்லையும் வையுங்கள். மூன்றாவது வழியான கணக்கு எடுத்துக்கொண்டு, அதே பத்து இலக்கத்தைத் தர வேண்டும். கடைசியாகப் போலி டேட் எதற்குமே விடை தராதபடி மாற்றுங்கள். இப்போது ஸ்கிரிப்ட் ஒரு ஃபோல்டர்கூட உருவாக்காமல், பிழையோடு நிற்க வேண்டும்.

இந்த மூன்றையும் ஓட்டி, மூன்றாவதில் அது நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்தப் பேக்கப் ஸ்கிரிப்டைச் சர்வரில் மறுபடி ஏற்றினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது ஃபோல்டரின் பெயரில் பத்து இலக்கங்கள் இருந்தன.